கொல்லைப்புறத்தில் ஒரு கல்லாறு

போன இதழில் பேச்சுவாக்கில், வீட்டுத் தோட்டத்தில் ரயில் விடுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், ஆபீஸில் லெட்ஜர் எழுதிய கைகள் எல்லாம் மனதுக்குள் ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. எனவே இந்த இதழ் முழுக்க ரயில். அரசியல், சினிமா, ஜோசியக் கேள்விகள் அடுத்த இதழ் வரை லூப் லைனில் நிற்கும்.

வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் சும்மா கிடக்கிறது. மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயிலை அப்படியே மாடலாகச் செய்து ஓட்ட ஆசை. இடம் போதுமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

போதாது. பக்கத்து லேஅவுட்டையும் கிரயம் பண்ணிக்கொள்ளுங்கள். நிஜப் பாதை 46 கிலோமீட்டர். தோட்ட ரயில்களில் அதிகம் புழங்கும் அளவு 1:22.5. அதாவது நிஜத்தில் இருபத்திரண்டரை அடி, மாடலில் ஒரு அடி. அப்படிச் சுருக்கினாலும் தண்டவாளம் இரண்டு கிலோமீட்டர் தாண்டும். உயரக் கணக்கு இன்னும் மோசம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். வித்தியாசத்தை வகுத்தால் 83 மீட்டர். சென்னை எல்.ஐ.சி. கட்டிடத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரத்துக்கு மண் அடிக்க வேண்டும். டிப்பர் லாரிக்காரர் உங்கள் பெயரில் அர்ச்சனையே செய்வார்.

ஆகவே கத்தரிக்கோலை எடுங்கள். 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்று பட்டியல் போடுகிறார்களே, அதில் வகைக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் போதும். மீதி 471-ஐப் பார்க்க வருகிறவர்கள் மனதுக்குள் கட்டிக்கொள்வார்கள். ஸ்டேஷனுக்கு என் ஓட்டு ஹில்குரோவ். பல்சக்கரப் பாதையின் நடுவே இருக்கிறது, நீராவி எஞ்சின் நின்று தண்ணீர் குடிக்கிறது, பயணிகள் இறங்கி டீ குடிக்கிறார்கள், டீயோடு வாங்கிய வடையைக் குரங்கு சாப்பிடுகிறது. ஒரே ஸ்டேஷனில் இத்தனை வேலை நடந்தால் மாடல்காரருக்கு வேறென்ன வேண்டும்? காதல் பார்வையோடு செய்வதாக இருந்தால் கேத்தி. ‘மூன்றாம் பிறை’ பார்த்த தலைமுறைக்கு அந்தப் பிளாட்பாரத்தை விளக்க வேண்டியதில்லை.

ஊட்டி வண்டி மீட்டர் கேஜ் ஆயிற்றே! அதை எப்படி நேரோ கேஜ் மாடலில் சேர்க்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், விழுப்புரம்

நம் ரயில்வே கணக்கில் 762 மி.மீ., 610 மி.மீ. இரண்டும்தான் நேரோ கேஜ், மீட்டர் கேஜ் தனி ஜாதி. உலகக் கணக்கில் 1,435 மி.மீட்டருக்குக் குறைந்த எல்லாமே குறுகிய பாதைதான். மாடல்காரர்கள் உலகக் கணக்கில் போகிறார்கள். அதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. தோட்ட ரயில்களுக்கு எங்கும் கிடைக்கும் தண்டவாளம் 45 மி.மீ. அகலம். ஊட்டியின் 1,000 மி.மீட்டரை 22.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 44.4 வருகிறது. அரை மில்லிமீட்டர் பிசகைப் பார்த்து யாரும் பச்சைக்கொடி காட்ட மறுக்க மாட்டார்கள்.

மற்றவர்கள் செய்யாத பிசகா? 1968-இல் நியூரம்பெர்க்கின் லேமன் கம்பெனி எல்.ஜி.பி. என்ற பெயரில் தோட்ட ரயில்களை விற்க ஆரம்பித்தது. முதல் எஞ்சின் பெயர் ஸ்டைன்ஸ். அதன் மூலவர் ஆஸ்திரியாவில் 760 மி.மீ. பாதையில் ஓடியவர். கணக்குப்படி உற்சவருக்கு 34 மி.மீ. தண்டவாளம்தான் வர வேண்டும். அவர்கள் கவலையே படாமல் 45-இல் ஏற்றி விட்டார்கள், உலகமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இடம் ரொம்பச் சின்னது என்றால் டார்ஜிலிங் பக்கம் போங்கள். 1881 முதல் ஓடும் 610 மி.மீ. பாதை. பல்சக்கரம் இல்லாமல், சுற்றிச் சுற்றியும் முன்னும் பின்னுமாகத் திரும்பியும் மலையேறுகிற வண்டி. பிரிட்டிஷ் மாடல்காரர்கள் இரண்டடிப் பாதைகளை 32 மி.மீ. தண்டவாளத்தில் 1:19 அளவில் செய்வார்கள். பெட்டிகள் குட்டை, வளைவுகள் இறுக்கம். நாலு சென்டுக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கோவைக்காரரிடம் போய் ஊட்டியை விட்டு டார்ஜிலிங் செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நான் கொழும்பு. சிறு வயதில் போன களனிப் பள்ளத்தாக்கு ரயிலைச் செய்ய வேண்டும். என்ன அளவு?

அது 762 மி.மீ. பாதை. 1:24 எடுத்தால் 32 மி.மீ. தண்டவாளத்தில் கச்சிதமாக உட்காரும். நிஜப் பாதையை 1990-களில் அகலப்படுத்திவிட்டார்கள். பழைய அகலத்தில் அந்த வண்டி ஓட இனி உங்கள் வளவுதான் இடம்.

எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும்போது, ஒவ்வொரு பெட்டியையும் நாமே செய்வானேன்?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

நீலகிரி வண்டி எந்தக் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள், ஆசை தானாக அடங்கும். ரயில்வேக்கே இந்தப் பிரச்சினை வந்தது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்கள் கிழடு தட்டியதும், புதிது வாங்கக் கடை இல்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே 2010-களில் எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்தார்கள். பொன்மலைக்காரர்கள் செய்ததைத்தான் இருபத்திரண்டரையால் வகுத்து உங்களைச் செய்யச் சொல்கிறேன்.

சரி, பெட்டியை எதில் செய்வது? அட்டையில் செய்தது முதல் மழையிலேயே கூழாகிவிட்டது.
— பள்ளி ஆசிரியை, உடுமலைப்பேட்டை

ஃப்ளெக்ஸ் போர்டு கடைக்குப் போய் வெட்டி மிஞ்சிய மூன்று மி.மீ. ஃபோம் ஷீட் கேளுங்கள். குப்பைக்குப் போகிற துண்டுகளே ஒரு முழு ரயிலுக்குத் தேறும். கட்டர் பிளேடால் வெட்டலாம், தண்ணீர் ஊறாது, கரையான் தொடாது. எல்லா அளவையும் ஆளை வைத்து எடுங்கள். 170 செ.மீ. ஆள் மாடலில் ஏழரை செ.மீ., ஆறடிக் கதவு 81 மி.மீ. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதில் கண் சமாதானம் ஆகிவிடும்.

ஒட்டுவதற்குப் பிளம்பர் பைப்புக்குப் பூசுகிற பி.வி.சி. சொல்யூஷன். இரண்டு பக்கமும் லேசாகத் தடவி அழுத்தினால் ஷீட்டே உருகி ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க வேண்டுமானால் உடைக்கத்தான் வேண்டும். சாதா வெள்ளைக் கோந்து மழையில் இளகும். ஒரு சொட்டில் ஒட்டும் பசை வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டு, ஒரு நாள் பொட்டென்று விட்டுவிடும். ஜன்னல் சட்டங்களுக்கு, தச்சுப் பட்டறையில் தேக்கு இழைப்பில் விழும் மெல்லிய பட்டைகள். இரண்டு மி.மீ. அகலத்துக்கு ஸ்கேல் வைத்துக் கீறி, ஊசி முனையால் பசை தொட்டு வைக்க வேண்டும். ஒரு ஜன்னல் முடிக்க ஒரு காபி ஆகும். பெட்டிக்கு எத்தனை ஜன்னல் என்று முன்பே எண்ணிப் பார்க்காதீர்கள்.

கூரையை மட்டும் ஃபோம் ஷீட்டில் போடாதீர்கள். கறுப்புச் சாயம் அடித்துக் கத்திரி வெயிலில் விட்டால் அப்பளமாக நெளியும். மெல்லிய அலுமினியத் தகட்டை ஒரு பைப்பின் மேல் வைத்து வளைத்துப் போடுங்கள். அடியில் கனம் வேண்டும், நட்டு போல்ட் போட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஆடிக் காற்று உங்கள் வண்டிக்கு நேர அட்டவணை போடும். நீலமும் கிரீமும் அடித்து முடித்ததும் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு ஒரு ஆளை நிறுத்த மறக்க வேண்டாம். நிஜ வண்டியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேன் உண்டு. அவர் இல்லாத ஊட்டி வண்டி, மீசை இல்லாத அய்யனார்.

தண்டவாளம் மே மாதம் பாம்பு மாதிரி வளைந்துவிட்டது. சிமென்ட் போட்டு இறுக்கிவிடலாமா?
— எலெக்ட்ரீஷியன், வேலூர்

இறுக்கினால் சிமென்டையும் சேர்த்துத் தூக்கும். வெயிலுக்கு ஸ்கேல் தெரியாது ஐயா. வண்டியை 22.5 மடங்கு சுருக்கிவிட்டோம், சூரியன் முழு சைஸில்தான் வருகிறார். மார்கழி விடியலில் 20 டிகிரி இருக்கும் பித்தளை, கத்திரி மதியத்தில் 60-ஐத் தொடும். அந்த 40 டிகிரிக்கு, 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் ஏழரை மி.மீ. நீளும். ஏழரை என்றாலே நாம் உஷாராக வேண்டாமா? ஒரு மீட்டர் துண்டுகளாகப் போடுங்கள். குளிர்ந்த காலையில் போட்டால் இணைப்புக்கு இணைப்பு ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். நிஜ ரயில் பழைய நாட்களில் தடக் தடக் என்று போனதும் இந்த இடைவெளியால்தான்.

முக்கியமாக, பாதை மிதக்க வேண்டும். ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, முக்கால் பாகம் ஜல்லி, அதற்கு மேல் கிரஷரில் சலித்த குருணை. நிஜ ஜல்லி 50 மி.மீ. என்றால் மாடலுக்கு இரண்டு மி.மீட்டர் சொச்சம். பார்க்க அழகாக இருக்கிறதென்று ஆற்றுக் கூழாங்கல்லைப் போடாதீர்கள், அது உருண்டு விலகும். உடைத்த கல்லுக்கு முனை உண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தண்டவாளம் நீளும்போது குருணையில் கொஞ்சம் நகர்ந்து இடம் தேடிக்கொள்ளும்.

தண்டவாளத்தையும் நீங்களே செய்வதென்றால் வழி இருக்கிறது. மீட்டர் கேஜ் மரக்கட்டை 1.8 மீட்டர் நீளம், மாடலில் 80 மி.மீ., அகலம் 9, கனம் 5. தேக்கில் அறுத்து, ஒவ்வொன்றிலும் ரம்பத்தால் இரண்டு காடி போட்டு, மூன்று மி.மீ. பித்தளைப் பட்டையை நிமிர்த்திச் செருகுங்கள். 45 என்பது இரண்டு பட்டைகளின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம், நடுவிலிருந்து நடு அல்ல. மூன்று செ.மீட்டருக்கு ஒரு கட்டை வைத்தால் 10 மீட்டருக்கு முந்நூற்று முப்பது கட்டைகள். எல்லாம் ஒரே மாதிரி வர, மரப்பலகையில் ஒரு அச்சுச் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். இறுக்கமான வளைவில் அரை மி.மீ. அகலம் கூட்டுங்கள், நிஜ ரயில்வேயும் கூட்டுகிறது.

பித்தளைத் தண்டவாளம் கறுத்து வண்டி நின்று நின்று ஓடுகிறது. புளி போட்டு விளக்கலாமா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

குத்துவிளக்குக்கு வெள்ளிக்கிழமைதோறும் செய்கிறீர்கள், தண்டவாளத்துக்கு அன்றாடம் செய்ய வேண்டிவரும். புளியின் அமிலம் கறையை நீக்கும். நன்றாகக் கழுவாவிட்டால் மிச்சப் புளிப்பே மறுபடி கறுக்க வைக்கும். மின்சாரத்தைத் தண்டவாளத்தில் விடுவதை விட்டுத்தள்ளுங்கள். லித்தியம் பேட்டரியை ஒரு பெட்டிக்குள் வைத்து ரிமோட்டில் ஓட்டுங்கள். தண்டவாளம் எவ்வளவு கறுத்தாலும் அழகுதான். நிஜத் தண்டவாளம் பளபளவென்றா இருக்கிறது?

எஞ்சினுக்கு எந்த மோட்டார்?
— டிப்ளமோ மாணவர், சேலம்

ரிச்சி தெருவில் கியர் பாக்ஸோடு சேர்ந்த 12 வோல்ட் மோட்டார், 100 ஆர்.பி.எம். இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் வேகமானதைத் தலையில் கட்டப் பார்ப்பார், மசியாதீர்கள். கணக்கைப் பாருங்கள். பல்சக்கரப் பாதையில் ஊட்டி வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். 22.5-ஆல் வகுத்தால் நொடிக்கு 16 செ.மீ. முப்பது மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஒன்பதரை செ.மீ. போகும், நிமிடத்துக்கு நூறு சுற்று என்றால் கிட்டத்தட்ட அதே 16. பத்து மீட்டர் போக ஒரு நிமிடம். வந்தவர்கள் “ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?” என்று கேட்டால், நிஜ வண்டியில் போனதில்லை என்று அர்த்தம்.

சக்கரம் மட்டும் லேத்தில் கடைந்ததாக இருக்கட்டும். உருளும் பரப்பு லேசாகச் சரிந்திருக்க வேண்டும், உள்பக்கம் பெரிது, வெளிப்பக்கம் சிறிது. ரயிலின் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியவை. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போயாக வேண்டும், அந்தச் சரிவுதான் அதற்கு வழி விடுகிறது. இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே சுமார் 40 மி.மீ. வையுங்கள்.

மலை ஏற்றத்தை நிஜம் போலவே வைத்தேன். எஞ்சின் இருந்த இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றுகிறது.
— அதே விழுப்புரம் ஸ்டேஷன் மாஸ்டர்

நீங்களே இப்படிச் செய்யலாமா? கல்லாறு – குன்னூர் ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒன்று. மீட்டருக்கு எட்டு செ.மீ. வழுக்கும் உலோகச் சக்கரம் அதில் ஏறாது, நிஜத்திலும் ஏறவில்லை. அதனால்தான் சுவிஸ் எஞ்சினியர் ஆப்ட் கண்டுபிடித்த முறையில் நடுவே இரண்டு பல் பட்டைகளை அருகருகே போட்டார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். இரண்டு சாதாச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு.

மாடலில் அவ்வளவு வேண்டாம். ரோபோ செய்கிற பிள்ளைகள் வாங்கும் நைலான் பல் பட்டையை நடுவில் திருகி, மோட்டாரைப் பல்சக்கரத்துக்கு மட்டும் கொடுங்கள். மற்றச் சக்கரங்கள் சும்மா உருளட்டும். இரண்டையும் ஒரே அச்சில் பூட்டினால் ஆளுக்கொரு வேகத்தில் இழுக்கும், கூட்டணி ஆட்சி மாதிரி. எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்து தள்ள வேண்டும். கொக்கி விட்டுப் போனால் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாயும், பள்ளத்தாக்குக்குப் போகாது. பல் பட்டை வேண்டாம் என்றால் நாற்பதுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, அதைக் குன்னூருக்கு மேலே உள்ள பாதை என்று சொல்லிக்கொள்ளுங்கள். அங்கே டீசல் எஞ்சின் என்பதால் உங்கள் வேலையும் பாதி குறையும்.

நிஜமான நீராவியில் ஓட்டினால் என்ன? பாய்லரை நானே பற்றவைத்துக்கொள்வேன்.
— வெல்டிங் பட்டறை, ஓசூர்

உங்கள் வெல்டிங் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் வேண்டாம். வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில். தோட்ட நீராவி எஞ்சின்கள் பலவற்றில் 40. தாமிரப் பாய்லருக்கு வெள்ளிப் பற்று வைக்க வேண்டும். முடித்ததும் முழுக்கக் குளிர்ந்த நீரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிச் சோதிக்க வேண்டும். நீரில் சோதித்தால் விரிசல் விட்டாலும் கசியும், அவ்வளவுதான். நீராவியில் சோதித்தால் ரிசல்ட் பேப்பரில் வரும். பாய்லரைச் சோதனைச் சான்றிதழோடு வாங்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நீங்கள் செய்யுங்கள்.

தேயிலைத் தோட்டத்துக்கு என்ன செடி வைக்கலாம்? துளசி வைத்தேன், ஏதோ காடு மாதிரி இருக்கிறது.
— பல் மருத்துவர், பொள்ளாச்சி

மூன்று செ.மீ. துளசி இலை, நிஜத்தில் முக்கால் மீட்டருக்கு நெருங்கும். அந்தத் தேயிலையைக் கிள்ள ஜே.சி.பி. வேண்டும். செடி எவ்வளவு குட்டை என்று பார்க்காதீர்கள், இலை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். நர்சரித் தொட்டிகளின் ஈர விளிம்பில் தானாக முளைக்கும் பைலியா இருக்கிறதே, கடுகளவு இலை, அதை ஐந்து செ.மீ. உயரத்தில் கத்தரித்து வரிசையாக வையுங்கள். நடுநடுவே கால் வைக்கும் இடைவெளி விட்டால் குன்னூர்ச் சரிவு வந்துவிடும். பெரிய மரத்துக்குக் குட்டி இலை ஜேட், தண்டு தடித்து வயசான தோற்றம் தரும். அருகம்புல்லைப் பிள்ளையாருக்கு மட்டும் வளர்க்கவும், அது பாதைக்குள் வந்தால் நீங்கள்தான் டவுன் பஸ் பிடித்துப் போக வேண்டும்.

குகைக்குள் வண்டி நின்றுவிட்டால்?
— மணப்பாறை

இரண்டு வாயிலிருந்தும் கை விட்டால் நடுவை எட்டுகிற நீளத்துக்கு மேல் குகை கட்டக் கூடாது. கை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள், நிழலுக்கு வந்த தேரை இருந்தால் பரவாயில்லை.

ஐப்பசி மழையில் பாதி மலை கரைந்து ஸ்டேஷன் மேல் விழுந்துவிட்டது.
— தாம்பரம்

பாராட்டுகள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து, கல்லாறு – குன்னூர் இடையே வண்டி ரத்து என்ற செய்தி நிஜத்திலும் அடிக்கடி வருகிறது. களிமண் மலைக்கு உள்ளே செங்கல் துண்டும் ஜல்லியும் எலும்புக்கூடாக வேண்டும், மலைக்குப் பின்னால் தண்ணீர் வெளியேற ஒரு பைப். ஒவ்வொரு பாலத்துக்கும் அடியில் உண்மையாகவே தண்ணீர் ஓட வழி விடுங்கள், அழகுக்காகப் பாலம் கட்டினால் மழை வேறு இடத்தில் அதைக் கட்டிக்கொள்ளும்.

தோட்டம் இல்லை, மொட்டை மாடிதான். செய்யலாமா?
— அண்ணா நகர்

தாராளமாக. மண்ணை மாடியில் கொட்டாதீர்கள், ஊறினால் பாரம், கசிந்தால் கீழ்வீட்டு மாமி. கைப்பிடிச் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு இரும்பு ஆங்கிளில் மேடை கட்டி, மேலே சிமென்ட் போர்டு. குனிய வேண்டாம், முதுகு வாழ்த்தும். துணி காயப்போடும் கொடியின் கீழ் பாதை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப் புடவை இறங்கினால் எந்தப் பிரேக்மேனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தாத்தா ஊட்டி ரயில் செய்திருக்கிறார். என் பார்பியை ஏற்ற மாட்டேன் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.
— நான்காம் வகுப்பு, ஈரோடு

பார்பிக்கு உயரம் 29 செ.மீ. கண்ணு. தாத்தா கணக்குப்படி ஆறரை மீட்டர். உட்கார வைத்தால் கூரை போய்விடும். தாத்தாவிடம் நாலு சக்கரம் வைத்த ஒரு திறந்த கூட்ஸ் வண்டி செய்து தரச் சொல், அதில் படுக்க வைத்துக் கயிறு கட்டு. டிக்கெட் வேண்டாம், லக்கேஜ் சார்ஜ் கட்டினால் போதும். ரசீது கேட்டு வாங்கிக்கொள்.